காணாமல் போகாத பெட்ரோல்

1. வாசலில் நின்ற பெண்

ஹட்டனில் எங்கள் கராஜில் ஒரு கொழுந்து லொறியின் டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெண். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே இறங்கி பஸ் ஏறி வந்திருக்கிறார். செருப்பெல்லாம் சேறு.

“ராஜுங்கிறது யாருங்க?”

“நான்தாங்க. என்ன வேணும்?”

“அந்த வெள்ளக் காருக்கு மெசினு வச்சது நீங்கதானே?”

எந்தக் கார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கார் ஒன்றுதான் இருந்தது. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். தலையாட்டினேன்.

“ஒங்க மெசினு எம் புருசன திருடன்னு சொல்லிருச்சாம். பொலிசில புடிச்சு வச்சிருக்காங்க. அதப் பேச வச்சது நீங்க. நீங்களே வந்து மாத்திப் பேச வைங்க.”

அவர் அழவில்லை. சத்தமும் போடவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். பெயர் லெச்சுமி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர். அவர் கணவர் மாரிமுத்துதான் அந்தக் காரின் டிரைவர்.

நான் ஓட்டோ எலக்ட்ரீஷியன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து பார்த்தேன். நிதானம் வரவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

2. உள்ளேயே இருந்தது, மூடியிருந்தது

தொண்ணூறுகளின் கடைசி. நான் துபாயில் ஒரு பெரிய கராஜில் சில வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி, ஹட்டனில் காசிம் நானாவின் கராஜில் சேர்ந்திருந்தேன். எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பங்கு தோட்டத்து லொறி, டிராக்டர், பழைய ஜீப்தான். செல்ப் மோட்டார், டைனமோ, ஹெட்லைட். கணினி வைத்த வாகனம் எப்போதாவது ஒன்று வரும்.

விக்டர் துரை ஒரு தோட்டக் கம்பனியின் டிரெக்டர். இளமையில் எங்கள் மலைகளில் சின்னத்துரையாக, அதாவது தோட்டத்து உதவி மேனேஜராக, இருந்தவர். பிறகு கொழும்புக்குப் போய்விட்டார். நுவரெலியாவில் ஒரு பங்களா வைத்திருந்தார். சின்னத்துரைகள் தமிழ் படிப்பது வேலை ஏவுவதற்காக. அதனால் அவர் தமிழில் ‘வா’, ‘போ’, ‘செய்’ மட்டும்தான் உண்டு. ‘வாங்க’ என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. என்னைவிட இருபது வயது மூத்த காசிம் நானாவையும் “நீ” என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் காரை இங்கிலாந்திலிருந்து பாவித்த காராக இறக்கியிருந்தார். அதோடு வந்த கைநூலில், ஸ்பீட் மீட்டருக்குக் கீழே உள்ள சின்ன டிஸ்பிளேயில் பலவிதமான எண்கள் வருவதாகப் படம் போட்டிருந்தது. சராசரி வேகம், சராசரி பெட்ரோல் செலவு, வெளியே எத்தனை டிகிரி குளிர், இருக்கிற பெட்ரோலில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்பதெல்லாம். அவருடைய காரில் மணியும் ஓடிய தூரமும் மட்டும்தான் தெரிந்தன.

“கொழும்பில முழு கிளஸ்டரும் மாத்தணும்னு சொல்றான். உன்னால முடியுமா?” என்று கேட்டார்.

அந்தக் காலத்து ஜெர்மன் கார்களில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் காருக்கும் ஒரே கிளஸ்டரைத்தான், அதாவது ஒரே மீட்டர் பலகையைத்தான், போடுவார்கள். இந்த எண்களைக் கணக்குப் பார்க்கும் டிரிப் கம்ப்யூட்டர் அதற்குள்ளேயே இருக்கும். புதிதாக வாங்கும்போது அதற்கென்று தனியாகப் பணம் கட்டாதவனுக்கு, கோடிங்கில் அதை மூடி அனுப்பிவிடுவார்கள். துபாயில் இதைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோடிங்கை மாற்றும் கருவியான டெஸ்டரைக் கொழும்பு கூட்டாளி ஒருவனிடம் இரவல் வாங்கி வந்தேன்.

வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். கோடிங் எழுதும்போது பெட்டரி வோல்டேஜ் விழக்கூடாது. விழுந்தால் கிளஸ்டர் செத்துவிடும், கார் ஸ்டார்ட் ஆகாது. ஹட்டன் கரண்டை நம்பி சார்ஜரை மாட்டாதீர்கள். நான் ஒரு லொறி பெட்டரியை ஜம்பர் வயரில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் டெஸ்டரைச் சொருகினேன். கோடிங்கில் ஒரு இலக்கத்தை மாற்றி, சாவியை ஓப் செய்து ஓன் பண்ணினேன். டிஸ்பிளேயில் புதிய வரி வந்தது. குளிர் பார்க்கும் சென்சர் அந்தக் காரில் இல்லை, அதை வரவழைத்து முன் பம்பருக்குப் பின்னால் மாட்டினேன். பக்கங்களை மாற்ற, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தனி லீவர் ஒன்று வர வேண்டும். அது கிடைக்கவில்லை. கிளஸ்டரின் பின்னிலிருந்து வயர் இழுத்து, டெஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன புஷ் ஸ்விட்ச் வைத்தேன். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம் மாறும்.

வேலை முடிந்ததும் துரையைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக விளக்கினேன். “இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு வர்ற நம்பர் சும்மா ஒரு உத்தேசம் சேர். இப்ப எப்படி ஓடுதோ அத வச்சுக் கணக்குப் பார்க்குது. மலை ஏறினா விழும், இறங்கினா கூடும்” என்று தெளிவாகச் சொன்னேன். “சரி, சரி” என்றார்.

மாரிமுத்து அப்போது கார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். பொகவந்தலாவைப் பாதையில் வளைவுக்கு வளைவு பஸ்காரனுக்கு வழிவிட்டுப் பழகிய கை. டிஸ்பிளேயை எட்டிப் பார்த்து, “இதெல்லாம் என்ன நம்பருங்க?” என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“டிரைவருக்கு அது தேவையில்ல” என்றார் துரை. “எனக்குக் கிளப்பில காட்டத்தான். அவன் ரோட்டப் பாத்து ஓட்டினா போதும்.”

கிளப்பில் காட்ட என்று சொன்னது பச்சைப் பொய். மாரிமுத்து பெட்ரோல் திருடுகிறார் என்று துரையின் மனதில் முன்பே ஏதோ இருந்திருக்கிறது. அவரைப் பிடிக்கத்தான் அந்த வேலையைச் செய்யச் சொன்னார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. துரை போட்ட கணக்கு

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா நிரம்பி வழியும். துரை குடும்பத்தோடு முந்திய நாளே வான் வண்டியில் மேலே வந்துவிட்டார். ஸ்போர்ட்ஸ் காரை மறுநாள் மாரிமுத்து தனியாகக் கொண்டுவர வேண்டும். தான் கிளம்பும் முன் கொழும்பில் டேங்க் நிரப்பி, மாரிமுத்துவிடம் சாவியைக் கொடுக்கும்போது துரை டிஸ்பிளேயைப் பார்த்து வைத்துக்கொண்டார். இன்னும் ஐந்நூற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியிருக்கிறது. சமதரையில் ஓடிய கார், அப்படித்தான் காட்டும்.

மாரிமுத்து கார் எடுத்து வந்தார். கொழும்பிலிருந்து வெளியே வரும்வரை ஜாம். வழியெல்லாம் செக் பொயின்ட். கித்துல்கலைக்கு மேலே ஏற்றம் தொடங்குகிறது. கினிகத்தேனையில் ஒரு பிளேன்டீ குடித்திருக்கிறார். வட்டவளையில் பனி, முன்னால் தேயிலை லொறிகள், செக்கன்ட் கியரிலேயே ஊர்ந்திருக்கிறார். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, கடைசி ஏற்றம். பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது டிஸ்பிளே இருநூறு என்று காட்டியது.

துரை கணக்குப் போட்டார். ஐந்நூற்றி ஐம்பது இருந்தது. பாதை நூற்றி எண்பது. அப்படியென்றால் முந்நூற்றி எழுபது மிச்சம் இருக்க வேண்டும். இருப்பது இருநூறு. மீதிப் பெட்ரோல் எங்கே?

பக்கத்திலேயே பெட்ரோல் முள் இருந்தது. அது டேங்கில் பாதிக்கு மேலே நின்றது. மலைக்கு வந்த காருக்கு அது ஒழுங்கான அளவு. துரை அந்த முள்ளைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் நம்பியிருக்க மாட்டார். முள்ளைவிட எண் பெரியது என்று நினைக்கிறவர் அவர்.

பங்களா முற்றத்தில், சமையல்காரனும் தோட்டக்காரனும் பார்த்துக்கொண்டிருக்க, மாரிமுத்துவைக் கூப்பிட்டு “பெட்ரோல் எங்க வித்த?” என்று கேட்டிருக்கிறார். “நான் எதுக்குங்க விக்கப் போறேன்” என்றாராம் மாரிமுத்து. துரை டிஸ்பிளேயைக் காட்டி, “இது ஜெர்மன் மெசின். உன்னப் போல பொய் சொல்லாது” என்றிருக்கிறார். அந்த எண் என்ன என்றே மாரிமுத்துவுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வது? பேசாமல் நின்றிருக்கிறார். பேசாமல் நின்றது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

துரை பொலிசுக்கு போன் போட்டார்.

அது என்ன காலம் என்பதை இன்றைய பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு தமிழ் டிரைவர், கொழும்பிலிருந்து மலைக்குத் தனியாக வந்தவர், அவர் காரிலிருந்து பெட்ரோல் காணாமல் போயிருக்கிறது என்றால், பொலிசில் கேட்கும் முதல் கேள்வி “எவ்வளவுக்கு வித்தே” என்பதல்ல. “யாருக்குக் கொடுத்தே” என்பதுதான். அந்தக் கேள்வியோடு உள்ளே போய் வீடு திரும்பாத பிள்ளைகளை எங்கள் லயத்து வீடுகளுக்குத் தெரியும். அது துரைக்கும் தெரியும். தெரிந்துதான் போன் போட்டார். இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் அம்மாமார் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதைத்தான் பார்த்தார்கள். தராசு துரைமார் கையில். ஈரத்துக்கு என்று கழிப்பதும் அவர்கள் வாயில். பறித்தவள் முள்ளை எட்டிப் பார்த்தால் “என்ன, ஒனக்குப் பாக்கத் தெரியுமா?” என்று ஏச்சு விழும். நான் துபாய் போய்ப் படித்து வந்த வேலையும் அவர்கள் கையில் ஒரு தராசாகத்தான் போய்ச் சேர்ந்தது.

4. குழந்தைகள் உட்காரும் பின் சீட்

லெச்சுமி சொல்லி முடித்ததும் காசிம் நானா தன் வான் வண்டியின் சாவியை எடுத்தார். “ஏறுங்க மகள். ராஜு, நீயும் வா” என்றார். நானாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்தக் காலத்தில் பொலிசுக்குப் போக எனக்குத் தனியாகத் தைரியம் இருக்கவில்லை.

எந்த ஊர்ப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை. மாரிமுத்துவை ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் பிய்ந்திருந்தது. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். லெச்சுமி பக்கத்தில் போய், “என்னங்க, காதுக்கு என்ன?” என்று கேட்டார். அவர் முகத்தைத் திருப்பி, கேட்பதற்காக வலது காதை லெச்சுமி பக்கம் கொடுத்தார். அப்போதுதான் அடி எங்கே விழுந்தது என்று எங்களுக்குப் புரிந்தது. அங்கிருந்த கொன்ஸ்டபிள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பொறுப்பில் இருந்தவர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர். முதல் நாள் லீவில் இருந்து அன்று காலைதான் வந்திருந்தார். நானா அவரிடம் சிங்களத்தில் பேசினார். “மஹத்தயா, இவர்தான் அந்த மீட்டருக்கு வேலை செய்தவர். பெட்ரோல் காணாமல் போகவே இல்லை என்கிறார்” என்றார். நான் விளக்கப் பார்த்தேன். சராசரி, ஏற்றம், கியர் என்று என் சிங்களம் தட்டுத் தடுமாறியது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“துரை சொல்வது ஒன்று. நீ சொல்வது ஒன்று. எனக்கு இரண்டும் விளங்கவில்லை.”

“அப்போ நீங்களே வந்து காரில் உட்கார்ந்து பாருங்கள்” என்றேன். “நான் ஒன்றும் பேச மாட்டேன். நீங்கள் நம்பரை மட்டும் பாருங்கள்.”

அவருக்கு அந்தக் காரில் ஏறிப் பார்க்க ஆசையும் இருந்திருக்கும். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பங்களாவில் துரை எங்களைக் கண்டதும் முகம் சுருங்கியது. “நீ எதுக்கு வந்த?” என்றார் என்னிடம். சப்-இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில், சாட்சிப் பொருளைப் பார்க்க வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுங்கள் என்றார். துரைக்கு அது பிடித்திருந்தது. சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். நானாவும் லெச்சுமியும் முற்றத்தில் நின்றார்கள்.

கார் முந்திய நாளிலிருந்து அசையவில்லை. துரை ஓட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில். அந்தக் காரில் பின்னால் இருப்பது சீட் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, சின்னக் குழந்தைகளுக்கானது. நான் முழங்காலை முகவாய்க்குக் கொடுத்து அதற்குள் மடங்கினேன். தலை கூரையில் இடித்தது. இரண்டு தோள்களுக்கு நடுவே டிஸ்பிளே தெரிந்தது. இருநூறு.

“பாருங்கள், இதுதான். நேற்றும் இதேதான்” என்றார் துரை.

நானுஓயாப் பக்கம் இறக்கம் தொடங்கியது. துரை எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் தானாக உருண்டது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. இருநூற்றிப் பத்து. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன். இருநூற்றி இருபது. சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தார். இருநூற்றி முப்பது.

“சேர்,” என்றார் அவர், “இப்போ பெட்ரோல் ஊத்துறது யாரு?”

துரை அடுத்த வளைவுக்குக் காரை ஒடித்தார்.

“உங்கள் டிரைவர் எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து ஊத்துறானா?”

துரையின் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். நானுஓயாவில் காரைத் திருப்பினார். ஏற்றத்தில் நம்பர் மளமளவென்று விழுந்தது. பங்களா கேட்டுக்குள் நுழையும்போது திரும்பவும் இருநூற்றுக்குக் கீழே.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “முறைப்பாட்டை நீங்களே வந்து வாபஸ் வாங்குங்கள்” என்றார். துரை, “போனில் சொல்கிறேன், போதாதா?” என்று கேட்டார். போதும் என்றாகிவிட்டது. மாரிமுத்துவைப் பிடிக்க ஒரு போன் போதுமாக இருந்தது. விடவும் ஒரு போன் போதுமாக இருந்தது. லெச்சுமி முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கடந்து துரை உள்ளே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

5. மூடச் சொன்னார்

மாரிமுத்துவின் இடது காது கேட்காமல் போய்விட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரி, கண்டி என்று அலைந்தோம். சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். பங்களாவுக்கு அவர் திரும்பப் போகவில்லை. துரையும் கூப்பிடவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவர் என்று பொலிசே விட்ட பிறகும், பெட்ரோல் கேஸில் பிடிபட்டவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஓடியது. லொறி ஓட்டக் கேட்டுப் போன தோட்டங்களில் எல்லாம், “ஆள் எடுத்தாச்சு” என்ற ஒரே பதில். கடைசியில் காசிம் நானா, “எனக்கு டயர் வேலைக்கும் பிரேக்டவுன் வாகனம் ஓட்டவும் ஆள் வேணும்” என்று கூப்பிட்டுக்கொண்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு விக்டர் துரை கராஜுக்கு வந்தார். அதே கார்.

“ராஜு, அந்தப் பக்கங்கள மூடிரு. முன்ன இருந்த மாதிரி ஆக்கு.”

“ஏன் சேர்? வேலை செய்யலையா?”

“செய்யுது. எனக்கு வேணாம். கண்ணுக்கு முன்னால கூடுது, குறையுது. எரிச்சலா இருக்கு.”

டெஸ்டர் இரவல் வாங்கக் கொழும்புக்கு ஒரு போன் போட்டால் போதும். சின்ன வேலை. ஆனால் கராஜின் பின்பக்கம் மாரிமுத்து டயர் கழற்றும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“மூடுறேன் சேர். மாரிமுத்து அண்ணன் பின்னாலதான் இருக்காரு. அவருகிட்டப் போயி, நீ திருடல, என் கணக்குத்தான் பிழைனு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. ஒடனே மூடித் தர்றேன்.”

துரை என்னைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அவன விட்டாச்சே. இன்னும் என்ன வேணும்?”

“காது வேணும் சேர். அத ஒங்களால தர முடியாது. இதையாவது தாங்க.”

இவ்வளவு நான் என் வாழ்க்கையில் ஒரு துரையிடம் பேசியதில்லை. அவர் காசிம் நானாவிடம் திரும்பினார். “உன் ஆளுக்கு வாய் நீளம். கம்பனி லொறி எல்லாம் இங்கதானே வருது? நாளையிலிருந்து வராது, தெரியுமா?”

நானா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். கம்பனி லொறிகள் இல்லாவிட்டால் அந்தக் கராஜில் பாதி இடம் காலி. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“வராட்டி என்ன சேர்,” என்றார். “ஹட்டன்ல இன்னும் கராஜ் ஈக்குது. ஆனா இந்த வேலயச் செய்ய அங்க ஆள் இல்ல. ராஜு கேட்டதச் சொல்லிட்டுப் போறதுதான் ஒங்களுக்குச் சுருக்கு வழி.”

துரை காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். மறுநாளிலிருந்து கம்பனி லொறிகள் வரவில்லை. இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்த வேண்டி வந்தது. அதற்காகவும் எனக்குக் கோபம்தான். துரைக்கு ஒன்றும் குறையவில்லை.

துரை போன பிறகு மாரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தார். எல்லாம் கேட்டிருந்தார், நல்ல காதால்.

“எதுக்குத் தம்பி எனக்காகச் சண்ட? அந்தாளு மன்னிப்பக் கேட்டு நான் என்ன பண்ணப் போறேன்?” என்றார். “எனக்கு ஒண்ணுதான் மனசில கெடந்து அறுக்குது. அன்னைக்கு முத்தத்துல அந்தாளு நம்பரக் காட்டிக் கேட்டப்ப, எனக்கு ஒரு பதிலும் வாயில வரல. அது என்ன நம்பருன்னு தெரிஞ்சிருந்தா அங்கேயே சொல்லிருப்பேன். அடி வாங்கியிருந்தாலும் பதில் சொல்லிட்டு வாங்கியிருப்பேன். ஊமையா நின்னேனே, அதுதான்.”

அன்றைக்கு அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை, கார் போய்விட்டது. ஒரு பழைய கிளஸ்டரை மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கமும் என்ன சொல்லும், எதை வைத்துக் கணக்குப் பார்க்கும், எங்கே பிழை விடும் என்று முழுக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். துரைக்குச் சொன்னதைவிடக் குறைந்த நேரம்தான் எடுத்தது, ஏனென்றால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

6. பிள்ளைகளுக்குச் சொல்வது

இப்போது வாகனத்துக்கு வாகனம் ஏதோ ஒன்று மாட்டச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எத்தனை தடவை பிரேக் அடித்தான் என்று முதலாளியின் போனுக்குப் போகும் மெசின்கள். நான் மாட்ட மாட்டேன் என்று சொல்வதில்லை. தொழில் அது. நான் மாட்டாவிட்டால் இன்னொருவன் மாட்டுவான்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். வாகனத்தை ஓட்டப்போகிறவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலாளிக்குச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அவருக்கும் சொல்வேன். இந்த நம்பர் எங்கிருந்து வருகிறது, எப்போது பிழை காட்டும் என்று அவருக்கு விளங்கும்வரை வாகனத்தைக் கொடுக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு இளம் முதலாளி வந்தார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார். டிரைவரைக் கூப்பிடுங்க என்றேன்.

“அவருக்கு எதுக்குங்க அண்ணே இதெல்லாம்? அவரு ஓட்டினா போதாதா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்குரூ டிரைவரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

“அவரப் பத்தித்தான் இது பேசப் போகுது தம்பி. என்ன பேசுதுன்னு அவருக்கு முதல்ல தெரியணும். கூப்பிடுங்க. இல்லாட்டி வாகனத்த எடுத்துக்கிட்டுப் போங்க.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ரோட்டில் நின்ற மனுஷனைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார்.